இருப்புக் கோப்பும் முந்தைய கோப்பும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் எழுத்து நடைக்கு வழிகாட்டும் நூல் இதுதான் என்று ஒன்றை மட்டும் எடுத்துக் காட்ட இயலாது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து 1957இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர்ப் பல பதிப்புகளில் விரிந்த ஆட்சிச் சொல்லகராதி சொற்களைத் தருகிறது. கடிதம், குறிப்பாணை, செயல்முறைகள், நேர்முகக் கடிதம் ஆகியவற்றின் வடிவத்தையும் கோப்பு நடத்தும் முறையையும் மாவட்ட அலுவலக நடைமுறை நூல் வகுக்கிறது. இவ்விரண்டும் அச்சில் நிலைத்திருக்க, அவ்வப்போது வரும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் அவற்றின் விதிகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போகின்றன. இம்மாற்றங்களைச் சேர்த்து வைப்பதற்கென்று அலுவலக நடைமுறையிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பிரிவின் பணிக்கு நிலையாகத் தேவைப்படும் ஆணைகளின் நகல்களைப் பொருள்வாரியாக அடுக்கி, முகப்பில் பொருளடக்கம் இட்டு, உதவியாளர்கள் மாறினாலும் பிரிவை விட்டு மாறாமல் வைத்திருக்க வேண்டிய அத்தொகுப்புக்கு இருப்புக் கோப்பு என்று பெயர். இராமநாதபுரம் போன்ற ஒரு மாவட்டத்தில் ஆட்சித்தமிழ் நடையைக் காலத்துக்கு ஏற்பப் பேணுவது என்பது பெரும்பாலும் இந்த இருப்புக் கோப்பைப் பேணுவதே ஆகும்.

ஆயினும் இப்பணியில் சில ஆண்டுகள் இருந்தவர் எவரும், வரைவு எழுதும் உதவியாளர் இருப்புக் கோப்பைத் திறப்பது அரிது என்பதை அறிவர். அவர் திறப்பது சென்ற ஆண்டு அதே பொருளில் நடந்த கோப்பை. அதிலிருந்து பொருள், பார்வை என்னும் தலைப்புகளையும் உடல் வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, நாளையும் பெயரையும் எண்ணையும் மாற்றி மேலலுவலரின் ஒப்பத்துக்கு வைக்கிறார். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. முந்தைய கோப்பு ஒருமுறை ஒப்பம் பெற்றது, தணிக்கையைக் கடந்தது, நீதிமன்றத்துக்குப் போனபோதும் நின்றது. புதிய சொல்லுக்கு இத்தகைய சான்று எதுவும் கிடையாது. எனவே எத்தனை சுற்றறிக்கை வந்தாலும் அலுவலகத்தின் நடை முந்தைய கோப்பில்தான் வாழ்கிறது என்பதும், வழிகாட்டியைப் புதுப்பிப்பவர் வழிகாட்டியை மட்டும் திருத்தினால் எதுவும் திருந்தாது என்பதும், அடுத்த முறை எடுத்து எழுதப்படவிருக்கும் மாதிரி வரைவைத் தேடிப் பிடித்துத் திருத்துவதே அவருடைய உண்மையான வேலை என்பதும் இக்கட்டுரையாளரின் துணிபு.

முந்தைய வாசகத்தை எடுத்து எழுதும் இவ்வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று என்பதை இங்கு ஆண்ட சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளை வாசிப்போர் காணலாம். அவற்றின் தொடக்கத்தில் மன்னரின் விருதுப் பெயர்கள் ஒரு நீண்ட தொடராக அடுக்கி வருகின்றன. நடுவில் கொடை நிலத்தின் நான்கு எல்லைகள் கூறப்படுகின்றன. முடிவில் தருமத்தைக் காப்போர் பெறும் பேறும் அதற்குக் கேடு செய்வோர் அடையும் பாவமும் சொல்லப்படுகின்றன. விருதுத் தொடரும் முடிவுரையும் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குப் பெரிய மாற்றமின்றிச் செல்ல, எல்லைப் பகுதி மட்டுமே ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய செயல்முறை ஆணையின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

மாதிரி வரைவு எத்தனை பிடிவாதமானது என்பதற்குத் தடையாணைகள் தக்க சான்று. செப்டம்பர் 11இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளும், அக்டோபர் இறுதியில் கமுதியை அடுத்த பசும்பொன்னில் தேவர் குருபூசையும் நிகழ்வதை முன்னிட்டு, வெளி மாவட்ட வாகனங்களின் வருகை முதலியவற்றை ஒழுங்குபடுத்த மாவட்ட நிருவாகம் ஆண்டுதோறும் ஆணை பிறப்பிப்பது வழக்கம். பல்லாண்டுகளாக அவ்வாணைகள் 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டப் பிரிவு 144ஐச் சுட்டி வந்தன. மக்கள் பேச்சிலும் அது ‘144 தடை உத்தரவு’ என்றே நிலைத்துவிட்டது. 2024 சூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், அதே அதிகாரம் பிரிவு 163இன்கீழ் வந்தது. இருப்புக் கோப்பில் இதைப் பதிவது ஒரு வரி வேலை. ஆனால் தடையாணை, அதன் முன்மொழிவுக் குறிப்பு, காவல் துறைக்கான கடிதம், வட்டாட்சியர்களுக்கான குறிப்பாணை, செய்திக் குறிப்பு எனப் பழைய பிரிவு எண் எத்தனை மாதிரிகளில் பதுங்கியிருக்கிறது என்று தேடுவதற்கு அந்த ஒரு வரி உதவாது. ஒவ்வொரு மாதிரியையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். செய்திக் குறிப்பில் மட்டும் சில காலம் ‘முன்னர்ப் பிரிவு 144’ என்று உடன் குறிப்பது நல்லது, ஏனெனில் அதை வாசிப்பவர் சட்டம் மாறியதை அறிந்திருக்க வேண்டியதில்லை; ஆணையிலோ அவ்வாறு குறிப்பது தேவையற்ற வழக்குக்கு இடம் கொடுப்பதாகும். ஒரே மாற்றத்துக்கு இரு ஆவணங்களில் இரு விதி வேண்டியிருப்பதை எந்தச் சொல்லகராதியும் சொல்லாது.

மீன்பிடித் தடைக்காலமும் இவ்வகையினதே. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15இல் தொடங்கும் தடை முன்பு 45 நாளாக இருந்து, பின்னர் சூன் 14 வரையிலான 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. நாளின் எண்ணிக்கை அறிவிப்பில் மாறியது. நிவாரண விண்ணப்பப் படிவத்திலும், படிவத்தின் பின்புற உறுதிமொழியிலும், ஐஸ் ஆலைகளுக்கும் டீசல் நிலையங்களுக்கும் செல்லும் கடிதங்களிலும் தனித்தனியே மாற்றப்பட வேண்டியிருந்தது. இத்தகைய எண்களை மாதிரி வரைவில் எழுதவே கூடாது, அங்கே வெற்றிடம் விட்டு நடப்பு ஆணையைப் பார்த்து நிரப்பச் சொல்ல வேண்டும் என்பது அனுபவம் தந்த விதி. எண்ணைத் திருத்துவதைவிட எண்ணை நீக்குவது நெடுநாள் நிற்கிறது.

மாவட்டப் பெயர்கள், எல்லைகள் ஆகியவற்றின் கதை வேறு. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட பெரிய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தபோது, மற்ற இரண்டும் பசும்பொன் முத்துராமலிங்கம், காமராசர் என்னும் தலைவர்களின் பெயர்களைப் பெற்றன. 1997இல் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர் பெயர்களை நீக்கியபோது அவை சிவகங்கை, விருதுநகர் ஆயின. எனவே 1984, 1990, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோப்புகளில் ஒரே கிராமம் மூன்று மாவட்டப் பெயர்களோடு காணப்படலாம். முடிந்த கோப்புகள் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டியவை நி.மு. என்றும், பத்தாண்டுக்கு உரியவை ப.மு. என்றும், மூன்றாண்டுக்கு உரியவை மூ.மு. என்றும், ஓராண்டுக்கு உரியவை ஓ.மு. என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. நிலம், நீர் தொடர்பான பல கோப்புகள் நி.மு. வகையில் சேர்வதால், வழக்கொழிந்த பெயர்களும் சொற்களும் பதிவறையில் சாகாமல் இருந்து, பட்டா மேல்முறையீடு ஒன்று வந்தவுடன் மேசைக்குத் திரும்புகின்றன. இதற்குக் கைக்கொள்ளப்படும் நெறி இரண்டு: பழைய ஆவணத்தை மேற்கோளாக எடுக்கும்போது ஓர் எழுத்தையும் மாற்றாமல் எடுக்க வேண்டும், அலுவலகத்தின் சொந்த வாசகத்தில் முதல் முறை மட்டும் ‘அந்நாளைய இன்ன மாவட்டம், தற்போதைய இன்ன மாவட்டம்’ என்று குறித்துப் பின் இன்றைய பெயரையே தொடர வேண்டும். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய ஜமீன் கணக்குகளில் வரும் சொற்களை இன்றைய சொல்லகராதிப்படி ‘திருத்தி’ நகல் கொடுப்பது, நல்ல தமிழ் ஆர்வத்தால் செய்யப்பட்டாலும், ஆவணத்தை மாற்றிய செயலே ஆகும்.

ஊர்ப்பெயர்களின் எழுத்தில்தான் உழைப்பு மிகுதி. இராமநாதபுரம் என்பதும் ராமநாதபுரம் என்பதும், இராமேசுவரம், இராமேஸ்வரம், ராமேஸ்வரம் என்பனவும், தேவிபட்டினம், தேவிபட்டணம் என்பனவும், உத்தரகோசமங்கை, உத்திரகோசமங்கை என்பனவும் பலகைகளிலும் படிவங்களிலும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. இராஜசிங்கமங்கலத்தை ஆர்.எஸ். மங்கலம் என்றே சொல்லிப் பழகிய மக்கள் விண்ணப்பத்திலும் அவ்வாறே எழுதுகிறார்கள். தாளில் வேலை நடந்த காலத்தில் இவ்வேறுபாடு இலக்கண விவாதமாக மட்டுமே இருந்தது. கணினிப் பட்டியல் வந்த பின் அது தேடலின் சிக்கலாயிற்று. இகரத்தோடு பதிந்த பெயர் இ வரிசையிலும், இகரம் இல்லாத பெயர் ர வரிசையிலும் நிற்பதால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைப்பதில்லை. ஒரே ஊரார் இரு ஊராராக எண்ணப்படும் வாய்ப்பும் உண்டு. எது சரியான தமிழ் என்பதைப் புலவர்கள் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டு, வருவாய்க் கிராமப் பட்டியலில் உள்ள எழுத்தே அலுவலக எழுத்து, கோயிலின் பெயரும் தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் அவ்வந்நிறுவனம் எழுதும்படி, என்று இருப்புக் கோப்பில் எழுதிவைப்பதே செயலுக்கு உதவுகிறது.

ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்று 1,018 ஊர்களின் பட்டியலோடு வெளியான 2020ஆம் ஆண்டின் அரசாணையைப் பலரும் மறந்திருக்கலாம். ஏப்ரல் மாத நாளிட்ட அவ்வாணை சூன் மாதத்தில் பொதுவெளிக்கு வந்து, எழுத்துக்கூட்டல் குறித்த கடுமையான விமரிசனங்களுக்கு உள்ளாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற ஆணையை இருப்புக் கோப்பிலிருந்து கிழித்து எறிய வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்யாமல், மூல ஆணையையும் திரும்பப் பெற்ற ஆணையையும் ஒன்றாக இணைத்து, நடைமுறையில் இருந்த காலத்தை மேலே குறித்து வைப்பதே முறை; அந்த இடைவெளியில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று பின்னாளில் எழுந்தால் அதன் எழுத்து எங்கிருந்து வந்தது என்று விளக்க வேறு வழி இராது. விதி எது என்பதைப் போலவே, விதி எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதும் நடை வழிகாட்டியின் பகுதி. அச்சிட்ட சொல்லகராதி இதில் பலவீனமானது. அது சொல்லைத் தருகிறது, நாளைத் தருவதில்லை.

பாக் நீரிணைக்கு இருபுறமும் தமிழே ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருப்பதால், இக்கடற்கரைக்கென்று தனிப்பட்ட ஒரு சிக்கலும் உண்டு. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படும்போது அவர்களைப் பற்றிய தாள்கள் ஊர்காவற்றுறையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் தமிழிலேயே வருகின்றன. அது தமிழ்நாட்டு ஆட்சித்தமிழ் அன்று. இலங்கையில் அரசகரும மொழிகள் திணைக்களம் முதலிய நிறுவனங்களின் வழி வளர்ந்த அந்நடையில் நடுவர் நீதிமன்றம் நீதவான் நீதிமன்றம் ஆகிறது, நீதிமன்றக் காவல் விளக்கமறியல் ஆகிறது, மீனவர் கடற்றொழிலாளர் ஆகிறார், காவல் நிலையம் பொலிஸ் நிலையம் ஆகிறது, துறை திணைக்களம் ஆகிறது. கச்சத்தீவுகூடக் கச்சதீவு என்று ஓர் ஒற்றைக் குறைத்துக்கொள்கிறது. தமிழ் தமிழ்தானே என்று இவற்றை இங்குள்ள சொற்களுக்கு மாற்றி அறிக்கை எழுதும்போது இடர் தொடங்குகிறது. விளக்கமறியல் நீட்டிக்கப்பட்டது என்பதும் தண்டனை விதிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை உறவினருக்கு விளக்க வேண்டிய இடத்தில் உள்ள அலுவலர், மூலச் சொல்லை வைத்துக்கொண்டு அருகில் பொருள் எழுதுவதே நல்லது. நீதிமன்றங்கள், பதவிகள், சட்டங்கள் ஆகியவற்றின் பெயர்களை மாற்றவே கூடாது. இன்னும் நுணுக்கமானது ஆட்பெயர். அந்தோணி என்று இங்கு எழுதப்படும் பெயர் அங்கு அன்ரனி என்று எழுதப்படலாம். அடையாள அட்டை, படகின் பதிவுச் சான்று, நீதிமன்றத் தாள் ஆகிய மூன்றிலும் பெயர் மூன்று வகையாக நின்றால், மூவரும் ஒருவரே என்று நிறுவும் பொறுப்பு ஏற்கெனவே துன்பத்திலுள்ள ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. ஆகவே பெயர்களை மட்டும் எவ்வித நடை விதிக்கும் உட்படுத்தாமல், ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ள வடிவத்தைப் அருகருகே தந்து அட்டவணையிடும் மாதிரி ஒன்றை வைத்திருப்பது இம்மாவட்டத்தில் இன்றியமையாதது.

புயல் எச்சரிக்கையில் விதி நேர்மாறானது: அங்கே ஒரு சொல்லுக்கு மறுசொல் கிடையாது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டாதவரை காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், அதற்கு மேல் தீவிரப் புயல் என்று வானிலைத் துறை வகுத்துள்ள படிநிலையில், ‘பகுதி’ என்பதற்கு ‘மண்டலம்’ என்று எழுதிவிட்டால் அது நடைப்பிழையன்று, தகவல் பிழை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது செவிக்கு இனிதன்று என்று பள்ளியில் கற்ற பழக்கம் இவ்விடத்தில் கைவிடப்பட வேண்டும். பாம்பனில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் அவ்வாறே. 1, 2 தொலைவிலுள்ள ஆபத்தையும், 3, 4 உள்ளூர் எச்சரிக்கையையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பெரும் அபாயத்தையும் குறிக்க, 11 என்பது எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்ததைக் குறிக்கிறது. எண்ணை மட்டும் எழுதிப் பொருளை விடும் செய்திக் குறிப்பு கடலோரத்தில் போதும், பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ போதாது. இவ்வறிவிப்புகள் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை, ஒலிபெருக்கியில் கேட்கப்படுகின்றன என்பதையும் மாதிரி வரைவு எழுதுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். ‘கடலுக்குள் செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்னும் தொடரின் முதல் பாதி காற்றில் போய்விட்டால் மீதியில் செய்தி எதுவும் இல்லை. யார், எதுவரை, எங்கே செல்லக் கூடாது என்பதைத் தனித்தனிச் சிறு வாக்கியங்களாக அமைத்து, செயலை முதலில் வைத்து, வரைவு முடிந்ததும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பது எந்தச் சொல்லகராதியையும்விடப் பயன்தரும். வடகிழக்குக் காற்று என்று எழுதியதை அறிவிப்பவர் வாடை என்று சேர்த்துச் சொல்லிக்கொள்வாராயின் அதைத் தடுக்க வேண்டியதில்லை.

வட்டாரச் சொற்கள் இதனால் நடைக்குப் பகை ஆகிவிடவில்லை. வட மாவட்டங்களில் ஏரி எனப்படும் நீர்நிலை இங்குக் கண்மாய். குடிநீர்க் குளம் ஊருணி. சென்னையில் அச்சாகி வரும் படிவத்தில் ஏரி என்று இருந்தாலும், கண்மாய் மராமத்து குறித்த மனுவுக்குக் கண்மாய் என்றே விடை எழுதுவது சரி. பொதுச்சொல் மாநிலத்துக்கு, ஊர்ச்சொல் ஊருக்கு விடும் கடிதத்துக்கு.

எழுத்து வடிவ மாற்றங்கள் ஒப்பீட்டளவில் எளிதாக முடிந்தவை. 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் நீங்கின. தட்டச்சுப் பொறிகள் மாறியதும் கைகளும் மாறிவிட்டன. கணினியில் வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னர் மாற்ற வேண்டி வந்தபோது வேறுவகைத் தொல்லை எழுந்தது: பழைய எழுத்துருவிலிருந்து ஒட்டிய மாதிரி, மின் அலுவலகத் திரையில் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றியது. ஒருவகையில் இது நன்மையாகவும் முடிந்தது, ஏனெனில் ஒட்ட முடியாத மாதிரிகளைப் புதிதாகத் தட்ட வேண்டியிருந்ததால், அவற்றைத் திருத்த ஒரு வாய்ப்பு கிடைத்தது.

நடை வழிகாட்டி அன்றாடம் கையில் எடுக்கப்பட்டுத் திருத்தப்பட்டால்தான் வாழும் என்பதையே பிற நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 1894 முதல் தொடர்ந்து திருத்தப்பட்டு வருவதற்குக் காரணம், அச்சுக்கோப்பவரின் மேசையில் அது நாள்தோறும் தேவைப்பட்ட கருவியாக இருந்ததே. பிரித்தானியக் கருவூலத்தின் வேண்டுகோளுக்கிணங்க எர்னெஸ்ட் கவர்ஸ் 1948இல் எழுதி, 1954இல் விரிவாக்கிய எளிய சொற்கள் குறித்த நூல், அவர் மறைவுக்குப் பின் 1973, 1986, 2014 ஆகிய ஆண்டுகளில் வேறு கைகளால் திருத்தப்பட்டது. கடைசித் திருத்தத்தைச் செய்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தி. ஆசுதிரேலிய அரசின் நடைக் கையேடு 1966இல் தோன்றி 2002இல் ஆறாம் பதிப்பைக் கண்டபின், 2020இல் மின்வடிவில் புதிதாக எழுதப்படும்வரை அப்படியே நின்றது. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு அலுவலர்கள் எதைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்க இங்குள்ள உதவியாளருக்குக் கடினமிராது.

மக்களைச் சுட்டும் சொற்களின் மாற்றமே இன்று மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. 2010இல் மாற்றுத்திறனாளி என்பது அரசுச் சொல்லானது. 2020இல் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆயினர். 2022இல் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்பட்டியலை, சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக அரசு வெளியிட்டது. இவற்றில் பழைய சொல்லை விட்டுவிடுவது எவருக்கும் மனத்தடையன்று. பழைய சொல் திரும்ப நுழைவது படிவ எண்கள், கணக்குத் தலைப்புகள், திட்டப் பெயர்கள் வழியாகத்தான். கணக்குத் தலைப்பில் உள்ளதை மாவட்டத்தில் மாற்ற அதிகாரம் இல்லாததால், பட்டியலில் ஒரு சொல்லும் அதன் முகப்புக் கடிதத்தில் வேறு சொல்லுமாகத் தாள்கள் செல்கின்றன.

‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப் பேரவையில் அறிவித்தார். அறிவிப்பின் நோக்கத்தில் ஐயமில்லை. ஆனால் குடியிருப்பின் பெயர் வாக்காளர் பட்டியலிலும், குடும்ப அட்டையிலும், பள்ளிப் பதிவேட்டிலும், வீட்டுவரி இரசீதிலும், ஆதாரிலும் ஏறியிருப்பதால், ஒன்றில் மாறி மற்றவற்றில் மாறாத இடைக்காலம் தவிர்க்க முடியாதது. அக்காலத்துக்கான மாதிரி வரைவு, புதிய பெயர் முறைப்படி சூட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு அப்பெயரையே தலைப்பிலும் உடலிலும் எழுதி, சான்றுகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் பழைய முகவரியை ஆவணத்தில் உள்ளபடி ஒருமுறை தருகிறது. புதிய பெயர் இன்னும் வராத இடங்களில் தெருப்பெயரும் ஊராட்சியின் பெயரும் முகவரிக்குப் போதுமானவையாகக் கொள்ளப்படுகின்றன. சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, வீட்டுமனைப் பட்டா ஆகிய மூன்றின் மாதிரிகளும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டியவை, ஏனெனில் அடுத்த வாரமும் அவற்றைப் பார்த்தே எழுதப்படும்.